கோழித் தீனில் நறுமண எண்ணெய்: பக்கற்றா, போத்தலா, கராம்புத் தூளா?

ஐந்நூறு இறைச்சிக்கோழிக்கு, தலைக்கு 3.4 கிலோ என்று வைத்தால், 35 நாளில் 1.7 டன் தீன் போகும். 50 கிலோ மூட்டையில் சரியாக 34 மூட்டை. நறுமண எண்ணெயில் வேலை செய்யும் கூறை டன்னுக்கு 100 கிராம் வீதம் கொடுப்பதானால், அந்த 34 மூட்டைக்கும் சேர்த்து வேண்டியது 170 கிராம். ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கிவிடும். அந்தக் கோப்பையளவை எந்த உருவத்தில் வாங்குவது, 34 மூட்டைக்கும் எப்படிச் சமமாகப் பரப்புவது, மணம் பறந்து போகாமல் கோழியின் குடல் வரைக்கும் எப்படி அனுப்புவது என்பதில்தான் செலவும் பலனும் தங்கியிருக்கின்றன.

சில துண்டுப்பிரசுரங்களில் இதை ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று போட்டிருக்கிறார்கள். ‘எசென்ஷியல்’ என்ற சொல்லைப் பார்த்துச் செய்த தவறு அது. அங்கே குறிப்பது எசென்ஸை, அதாவது தாவரத்தின் சாரத்தை. கோழிக்கு இது அத்தியாவசியம் இல்லை. புரதம், கல்சியம், விற்றமின் போல இல்லாவிட்டால் நோய் வரும் பொருளும் இல்லை.

வளர்ச்சிக்காகத் தீனில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலப்பதைச் சுவீடன் 1986இலேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006 ஜனவரி 1இல் அது நின்றது. மனிதருக்கும் பயன்படும் மருந்துகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பதை அமெரிக்கா 2017இல் நிறுத்தியது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் கற்பூரவல்லி வாசமுள்ள பக்கற்றுகள் உலகச் சந்தைக்கு வந்தன. மருந்து எச்சம் என்ன செய்யும் என்பது மட்டக்களப்பில் தயிர்ச் சட்டி வைப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை நாள் கழியாமல் சேர்த்தால் உறை விழாது.

வேலை செய்வது மணமல்ல, கூறு

ஓமத்தில் இருப்பது தைமோல். ஒறிகானோவிலும் நம்மூர்க் கற்பூரவல்லியிலும் கார்வக்ரோல், தைமோல் இரண்டும் உண்டு. இவை இரண்டுக்கும் மூலக்கூற்றுச் சூத்திரம் ஒன்றே, அமைப்பில்தான் சிறு வேறுபாடு. கராம்பிலும் கறுவா இலையிலும் யூஜினால். கறுவாப் பட்டையில் சினமல்டிஹைட். உள்ளியில் கந்தகச் சேர்வைகள். தைமோலும் கார்வக்ரோலும் யூஜினாலும் பக்ரீரியாவின் மென்சவ்வைப் பொத்தலாக்கி உள்ளிருப்பதைக் கசிய வைக்கின்றன. குடலில் தீமை செய்யும் கூட்டம் குறைந்தால், அதோடு போராடச் செலவாகும் தீன் தசைக்குப் போகும். எதிர்பார்ப்பது இதைத்தான்.

தடங்கலும் இதற்குள்ளேயே இருக்கிறது. கலந்தபடியே விட்ட எண்ணெயில் பெரும்பகுதி இரைப்பையிலும் சிறுகுடலின் முன்பகுதியிலுமே இரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். தொல்லை கொடுக்கும் கிருமிகளோ சிறுகுடலின் பின்பகுதியிலும் குருட்டுக்குடலிலும் கூடியிருக்கும். மூக்குக்கு நன்றாக அடிக்கிற தீன் குடலின் பின்பகுதிக்கு எதையும் கொண்டு சேர்க்காமலே போகலாம்.

கம்பனிப் பக்கற்

இதில் எண்ணெய்த் துளியைக் கடினமாக்கிய தாவரக் கொழுப்புக்குள் பொதிந்திருப்பார்கள். கொழுப்புச் செரிக்கும் நொதி அந்தப் பூச்சைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைக்க, எண்ணெய் சிறுகுடலில் வழிநெடுக வெளிவரும். மேலே சொன்ன தடங்கலுக்கு நேரான பதில் இதுவே. ஆவியாகும் இழப்பும் குறைவு. தூளாக இருப்பதால் கலப்பதும் இலகு. ஐந்நூறுக்கு மேல் கோழி வைத்து, தானே சோளனும் தவிடும் சோயாப் புண்ணாக்கும் வாங்கி மாஷ் கலப்பவருக்கு முதல் தெரிவு இது.

வாங்கும்போது லேபலில் இரண்டு எண்ணைத் தேடுங்கள்: டன்னுக்கு எத்தனை கிராம் போட வேண்டும், அந்தத் தூளில் வேலை செய்யும் கூறு எத்தனை சதவீதம். இரண்டாவது எண் இல்லாத பக்கற்றை விலை பார்த்து ஒப்பிட வழியில்லை. 10 சதவீதம் உள்ளதும் 30 சதவீதம் உள்ளதும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ‘இயற்கைச் சாறுகளின் கலவை’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது சரக்கைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இலங்கையில் விலங்குத் தீன் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்துக்குள் வருகிறது. பதிவு இலக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் லேபலைக் காட்டலாம்.

சிறிய பண்ணைக்கு இதில் ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. பெரும்பாலும் இது 20 அல்லது 25 கிலோப் பையாக வரும். டன்னுக்கு 150 கிராம் போடும் சரக்கென்றால், 25 கிலோவால் 166 டன் தீன் கலக்கலாம். அது ஐந்நூறு கோழியின் 98 தொகுதிக்குப் போதும். யாராலும் தனியே முடிக்க முடியாது. கடையில் பையைத் திறந்து கிலோக் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். பை எப்போது திறந்தது, எங்கே இருந்தது என்பது அப்போது முக்கியமாகிறது. கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடியில் தகரக் கொட்டிலுக்குள் உச்சி வெயிலில் ஏறும் சூட்டில் கொழுப்புப் பூச்சு இளகும். தூள் கட்டிபட்டு, பையைத் திறந்த கையோடு ஓமவாசம் பலமாக அடித்தால் பூச்சு உடைந்து எண்ணெய் ஏற்கெனவே வெளியேறிவிட்டது என்று பொருள். நல்ல பக்கற்றின் வாசம் மெதுவாகத்தான் இருக்கும். வாசம் தூக்கலாக இருந்தால் சரக்கு நல்லது என்று எண்ணுவது இந்த ஒரு பொருளில் தலைகீழான கணக்கு.

நாலைந்து பண்ணைக்காரர் சேர்ந்து ஒரு பையை வாங்கி அன்றே பங்கிட்டு, காற்றுப் புகாத மூடியுள்ள வாளியில், சீமெந்து வீட்டின் குளிர்ந்த அறையில் வைப்பது நல்ல ஏற்பாடு.

போத்தல் எண்ணெய்

கணக்கில் மிக மலிவு இதுதான். கறுவா இலை எண்ணெயில் யூஜினால் முக்கால் பங்குக்குக் குறையாது என்று வைத்தால், டன்னுக்கு 133 கிராம், 50 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ 6.5 மில்லிலீற்றர். ஐந்நூறு கோழியின் முழுத் தொகுதிக்கும் கால் லீற்றருக்குள் முடியும். இலங்கையிலேயே வடிக்கும் எண்ணெய், இறக்குமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அப்படியிருந்தும் இதைப் பலருக்குச் சிபாரிசு செய்ய முடியாது. பூச்சு இல்லாததால் குடலின் முன்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கலந்து வைத்த தீனிலிருந்து நாளுக்கு நாள் பறக்கும். ஆகவே ஒரு வாரத்துக்கு மேல் கலந்து வைக்கக்கூடாது. கலப்பதில் சிறு பிழை விட்டாலும், ஒரு மூலையில் விழுந்த எண்ணெயை எந்தக் கோழி கொத்துகிறதோ அது இரைப்பை எரிந்து தீனை வெறுக்கும். டன்னுக்கு 500 கிராமைத் தாண்டினால் கூட்டம் முழுவதுமே தீன் எடுப்பதைக் குறைக்கும் ஆபத்து கூடுகிறது. மருந்து கூடினால் பலனும் கூடும் என்ற எண்ணம் இங்கே நட்டத்தில் முடியும்.

கையுறை இல்லாமல் தொட வேண்டாம். கறுவாப் பட்டை எண்ணெய் தோலில் கொப்புளம் போடும். யூஜினால் தெர்மோகோல், மெல்லிய தெளிபிளாஸ்ரிக் கோப்பை, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் இளக்கும். அளக்கக் கண்ணாடிக் குவளை அல்லது எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். கழுவிய தண்ணீரை மீன் தொட்டியிலோ குளத்திலோ ஊற்ற வேண்டாம். யூஜினால் மீனை மயக்கும், மீன் ஆய்வுகளில் மயக்க மருந்தாகவே பயன்படுத்துகிறார்கள்.

கலப்படத்தைப் பிடிக்க இரண்டு வழி. கராம்பு எண்ணெயும் கறுவா இலை எண்ணெயும் தண்ணீரைவிடப் பாரமானவை. ஒரு குவளைத் தண்ணீரில் துளி விட்டால் அடிக்குப் போக வேண்டும். மேலே மிதந்து பரவினால் தேங்காயெண்ணெயோ வேறொன்றோ சேர்ந்திருக்கிறது. அடுத்தது, வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு இரண்டு நாள் காற்றில் வைத்துப் பார்ப்பது. கண்ணாடிபோலத் தெளிந்த எண்ணெய்க் கறை மாறாமல் நின்றால் சமையல் எண்ணெய் கலந்தது. கறுவா இலை எண்ணெயையே கராம்பு எண்ணெய் என்று விற்றால் இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுக்காது. இரண்டிலும் யூஜினால்தான் என்பதால் தீனுக்கு அதனால் பெரிய நட்டமில்லை, கொடுத்த காசுக்குத்தான் நட்டம். மெழுகுதிரி, சாம்பிராணி செய்ய விற்கும் வாசனை எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதில் செயற்கை மணமும் கரைப்பானும் இருக்கும்.

போத்தலைத் தெரிவு செய்தே தீருவதென்றால்: 6.5 மில்லிலீற்றரை 100 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் முதலில் கரையுங்கள். அதை 1 கிலோ தவிட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, கட்டி இல்லாமல் உதிரும்வரை கையுறையோடு பிசறுங்கள். அந்தத் தவிடு 5 கிலோ மாஷுக்குள், அந்த 5 கிலோ மீதிக்குள். நேராக 50 கிலோவில் ஊற்றினால் எண்ணெய் விழுந்த இடத்திலேயே ஊறி நிற்கும்.

தண்ணீரில் சொட்டு விடும் பழக்கம் இன்னும் மோசம். எண்ணெய் கரையாது. ஓமமும் ஒறிகானோவும் மேலே மிதக்கும், கராம்பு அடியில் தங்கும். முதலில் குடிக்க வந்த கோழிக்கு ஒரேயடியாக, கடைசிக் கோழிக்கு ஒன்றுமில்லை. நிப்பிள் குழாயில் பிசின்போலப் படியும். தண்ணீருக்கென்றே பால்மமாக்கி விற்கும் திரவங்கள் உண்டு, அவை வேறு கதை. ஆனால் அவற்றையும் தண்ணீரில் உயிர்த் தடுப்பூசி கொடுக்கும் நாளுக்கு முன்னும் பின்னும் நிறுத்த வேண்டும்.

கடைச் சரக்கு: கராம்பா, ஓமமா, கறுவாவா, உள்ளியா

நூறு, நூற்றைம்பது ஊர்க்கோழி வைத்திருக்கும் வீட்டுக்குப் பொருத்தமானது இதுதான். இங்கே பலரும் கூறின் அளவைப் பார்க்காமல் பழக்கத்தையே பார்க்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஓமத்தில் எண்ணெய் 2 முதல் 4 சதவீதம், அந்த எண்ணெயில் தைமோல் 35 முதல் 60 சதவீதம். நடுவாக 3ஐயும் 45ஐயும் எடுத்தால் கிலோவுக்கு 13.5 கிராம் தைமோல். டன்னுக்கு 100 கிராம் வேண்டுமென்றால் 7.4 கிலோ ஓமம், மூட்டைக்கு 370 கிராம். கறுவாப் பட்டையில் எண்ணெய் 1 சதவீதம், அதில் சினமல்டிஹைட் 65 சதவீதம் என்று எடுத்தால் கிலோவுக்கு 6.5 கிராம்தான். டன்னுக்கு 15 கிலோ பட்டை போடுவது கோழிக்குப் புரியாணி வைப்பதற்குச் சமம்.

கராம்பு கதையை மாற்றுகிறது. மொட்டில் எண்ணெய் 15 முதல் 20 சதவீதம், அதில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ யூஜினால். குறைந்த பக்கத்தை எடுத்தாலும் கிலோவுக்கு 112 கிராம். டன்னுக்கு 900 கிராம் போதும், மூட்டைக்கு 45 கிராம். கராம்பு விலை கூடிய சரக்கு என்று ஒதுக்குபவர்கள் கிலோ விலையைப் பார்க்கிறார்கள், டன் விலையைப் பார்ப்பதில்லை. கராம்புக் காம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் எண்ணெய் 5, 6 சதவீதம்தான், ஆனால் மொட்டைவிட மலிவு. டன்னுக்கு 2.1 கிலோ போட்டால் அதே அளவு யூஜினால்.

எண்ணெய் வடித்தெடுத்த மொட்டைக் காயவைத்து மறுபடி விற்பது பழைய தந்திரம். தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மொட்டு அடிக்குப் போகும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து மிதக்கும். வடித்த மொட்டு கிடையாகப் படுத்து மிதக்கும்.

உள்ளி இந்தக் கணக்குக்குள் வராது, அதன் கூறுகள் வேறு வகை. காய்ந்த தூளாகத் தீனில் அரை முதல் 1 சதவீதம் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. அது டன்னுக்கு 5 முதல் 10 கிலோ. பச்சை உள்ளியில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், அரைத்துப் போட்ட தீன் இரண்டாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டில் தேங்கிக் கிடக்கிறது என்றால் போடலாம், காசு கொடுத்து வாங்கிப் போடக் காரணம் இல்லை. கற்பூரவல்லி இலையும் அப்படியே. வேலியோரம் தழைத்து நிற்கிறது, கூறும் சரியானது, ஆனால் சதைப்பிடிப்பான அந்த இலையில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் மிகச் சொற்பம். சளி பிடித்த நாலு கோழிக்கு நறுக்கிப் போடலாம். 34 மூட்டைக்கு அதை நம்ப முடியாது.

தூளின் குறை, சேமிப்பு. முழு மொட்டு மூடிய போத்தலில் மாதக்கணக்கில் தாங்கும். அரைத்த கையோடு எண்ணெய் பறக்கத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இடியுங்கள். மின் அரைப்பானில் நீண்ட நேரம் ஓடவிட்டால் சூட்டிலேயே பாதி மணம் போய்விடும், விட்டு விட்டு அரைக்க வேண்டும்.

சமமாகக் கலந்ததா என்று பார்ப்பது

பக்கற்றோ தூளோ, 50 கிலோவில் 8 கிராமையும் 45 கிராமையும் கண்ணால் பார்த்துச் சமம் என்று சொல்ல முடியாது. கடுகு கைகொடுக்கும். 25 கிராம் கருங்கடுகில் ஏறத்தாழப் பத்தாயிரம் மணி இருக்கும். சேர்பொருளை முதலில் கொஞ்சத் தவிட்டில் கலக்கும்போது அதையும் சேர்த்து வழக்கம்போலக் கலந்து, குவியலின் ஐந்து இடத்திலிருந்து 100 கிராம் வீதம் எடுத்து எண்ணுங்கள். சராசரி 20 மணி வர வேண்டும். 12, 25, 18 என்று வந்தால் கலவை நன்று. ஓரிடத்தில் 4, இன்னோரிடத்தில் 50 என்றால் புரட்டியது போதாது. தறப்பாளில் கொட்டிக் குவியலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மண்வெட்டியால் மாற்றிக் குவிக்கும் முறையில் ஆறு தடவையாவது மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் நின்று கிண்டுவது கலப்பதாகாது. இந்தச் சோதனையை ஒரு தடவை செய்தால் உங்கள் கைக்கு எத்தனை புரட்டு வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இங்கத்தைய தவிட்டைப் பற்றியும் ஒன்று. சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆலைகளிலிருந்து வரும் பச்சைத் தவிட்டில் 15 சதவீதமளவு எண்ணெய் உண்டு. தவிட்டிலேயே உள்ள நொதி அந்த எண்ணெயை உடைத்துக் காறல் பிடிக்க வைக்கும். கராம்பு போட்டால் தவிடு காறாது என்று சொல்லக் கேட்கலாம். யூஜினால் காற்றால் வரும் கெடுதலைத் தடுக்கக்கூடியது, நொதியால் வருவதைத் தடுக்காது. காறலின் நாற்றத்தை மறைக்கும், அவ்வளவுதான். அது உதவியை விடக் கூடிய கெடுதல், ஏனென்றால் கெட்ட தவிடு கெட்டதாக மணக்காமல் போய்விடும்.

எது கட்டும்

விதி இலகு. தீன் விலையை, எதிர்பார்க்கும் மிச்சத்தின் சதவீதத்தால் பெருக்கினால் வருவதைவிடச் சேர்பொருளின் செலவு குறைவாக இருக்க வேண்டும். கணக்குக் காட்டுவதற்காகத் தீன் கிலோ 200 ரூபா என்று வைப்போம். டன் 200,000. சேர்பொருளால் தீன் 2 சதவீதம் மிஞ்சினால் 4,000 ரூபா. அதற்குள் செலவு அடங்க வேண்டும்.

கராம்பு கிலோ 3,000 என்றால் டன்னுக்கு 2,700. கட்டும். ஓமம் கிலோ 1,500 என்றால் டன்னுக்கு 11,100. தீன் 5.5 சதவீதத்துக்கு மேல் மிஞ்சினால்தான் கட்டும், அது நம்பக்கூடிய எதிர்பார்ப்பு அல்ல. பக்கற் கிலோ 8,000 என்றாலும் 150 கிராமுக்கு 1,200தான். இந்த விலைகள் வெறும் உதாரணம், உங்கள் கடை விலையைப் போட்டுப் பாருங்கள். விலை எப்படி ஆடினாலும் ஓமம் கராம்பை முந்துவது அரிது. ஒரே அளவு கூறுக்கு எட்டு மடங்கு எடை வாங்க வேண்டியிருக்கிறது.

2 சதவீதம் வருமா? சுத்தமான கொட்டில், நல்ல குஞ்சு, நல்ல தீன் மூன்றும் இருக்கும் இடத்தில் வித்தியாசமே தெரியாமல் போன பரிசோதனைகள் நிறைய. நெருக்கடியும் அழுத்தமும் உள்ள இடத்தில்தான் பலன் கூடுதலாகத் தெரிகிறது. ஆகவே உங்கள் கொட்டிலிலேயே பார்ப்பது நல்லது, ஆனால் பார்க்கும் முறை முக்கியம். ஒரே வயதுக் கோழிகளுக்குள்ளேயே நிறை 10 சதவீதமளவு ஏறி இறங்கும். பக்கத்துக்கு 20 கோழி வைத்து நிறுத்தால் 6 சதவீதத்துக்குக் குறைந்த வித்தியாசம் தற்செயலோ உண்மையோ என்று சொல்ல முடியாது. பக்கத்துக்கு 100 நிறுத்தால் 3 சதவீதம் வரை தெரியும். கொட்டிலை நடுவே வலையால் பிரித்து, ஒரே நாள் குஞ்சை இரண்டு பக்கமும் விட்டு, தீன் மூட்டையைத் தனித்தனியே கணக்கெழுதி, 21ஆம் நாளும் 35ஆம் நாளும் நிறுங்கள். அடுத்த தொகுதியில் பக்கத்தை மாற்றுங்கள். வாடைக்காற்றுப் படும் பக்கம் எப்போதும் கொஞ்சம் பின்னுக்கு நிற்கும், அதைச் சேர்பொருளின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. முதல் மூன்று நாள் பாதி அளவோடு தொடங்குங்கள். புது வாசத்துக்குக் கோழி தயங்கும்.

இவற்றில் எதுவும் வேண்டாதவர்கள்

கம்பனித் தீனை மூட்டையாக வாங்கிப் போடுபவர் மேலதிகமாக எதையும் தூவத் தேவையில்லை. அதற்குள் ஏற்கெனவே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதை லேபலில் பாருங்கள். குறுணைத் தீனில் தூள் ஒட்டாது, தொட்டியின் அடியில் தங்கும்.

மாரியில் கொட்டிலின் உமி நனைந்து, கழிச்சலில் இரத்தம் கண்டால் அது பெரும்பாலும் கொக்சிடியோசிஸ் என்ற குடல் ஒட்டுண்ணி நோய். நறுமண எண்ணெய்க்கு அந்த ஒட்டுண்ணியில் ஓரளவு தாக்கம் உண்டென்றாலும், நோய் வந்த கூட்டத்தைக் காப்பாற்ற அது போதாது. வைத்தியரிடம் போங்கள், ஈர உமியை அன்றே அள்ளுங்கள். கார்த்திகை தொடங்கித் தை வரை கூரைத் தாழ்வாரத்தை ஒரு முழம் நீட்டுவதும் தண்ணீர்த் தொட்டியின் ஒழுக்கை நிறுத்துவதும் எந்தப் பக்கற்றையும் விடக் கூடுதலாக மிச்சம் பிடிக்கும்.

சோளன் சரியாகக் காயாமல் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பூஞ்சணத்தோடு அஃப்லரொக்சின் வரும். வந்த நஞ்சை எந்த வாசனை எண்ணெயும் அகற்றாது. காசை வெயிலில் காயவைக்கும் படங்குக்கும், பூஞ்சணத்தைத் தடுக்கும் புரொப்பியோனிக் அமில உப்புக்கும் செலவழியுங்கள். நன்மை செய்யும் பக்ரீரியா கலந்த புரோபயோட்டிக் கொடுப்பவர் அதையும் எண்ணெயையும் ஒரே வாளியில் கலக்க வேண்டாம். எண்ணெய் அந்தப் பக்ரீரியாவைக் கொல்லக்கூடும்.

மாடும் எருமையும்

இங்கே கணக்கே வேறு. அசைபோடும் விலங்குக்கு முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களே சமையற்காரர். வைக்கோலை உடைப்பதும் அவைதான். எண்ணெய் கூடிப்போனால் நார் உடைக்கும் கூட்டமே முதலில் அடிபடும். மாதவனை, மயிலத்தமடுப் பக்கத்து மேய்ச்சலில் திரியும் பட்டி மாட்டுக்கும், அறுவடை முடிந்த வயலில் ஒட்டு மேயும் எருமைக்கும் நார்தான் உணவு, குறைவது புரதமும் தாதுப்பும். அங்கே நறுமண எண்ணெய் கொடுப்பது இல்லாத பிரச்சினைக்கு மருந்து. அதே காசுக்கு யூரியா வைக்கோல் செய்யலாம்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, கறுத்தப் பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடிப் பத்து நாள் வையுங்கள். திறந்து ஒரு மணித்தியாலமாவது காற்றாடவிட்ட பிறகே போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குப் போடக்கூடாது. கரைசல் வாளியை மாடு குடிக்கும் இடத்தில் வைத்தால் சாவுதான்.

உள்ளியைப் பசுவுக்குக் கொடுப்பவர்கள் பால் கறந்த பிறகு கொடுக்க வேண்டும். கறப்பதற்கு அரை மணி முன் கொடுத்தாலே பாலில் வாசம் ஏறும், அந்தப் பாலில் போட்ட தயிரைச் சட்டியோடு திருப்பி அனுப்புவார்கள்.

நாளுக்கு எட்டு, பத்து லீற்றர் கறக்கும் கலப்பினப் பசுவைக் கொட்டிலில் கட்டி, அடர்தீன் வைப்பவருக்கு மட்டும் ஒரு தெரிவு உண்டு. கொத்தமல்லி விதை எண்ணெய், யூஜினால், ஜெரனைல் அசிற்றேற் மூன்றும் சேர்ந்த கலவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் என்ற அளவில் உலகில் பரவலாக விற்கப்படுகிறது. மெதேன் வாயுவாக வீணாகும் சக்தியைக் கொஞ்சம் குறைக்கிறது என்பதே அதன் அடிப்படை. 1 கிராமைத் தனியே ஒரு மாட்டுக்கு அளக்க முயல வேண்டாம். 30 கிராமை 3 கிலோ தவிட்டில் கலந்து வைத்துக்கொண்டு, அதில் 100 கிராமை நாளாந்த அடர்தீனில் சேர்த்தால் ஒரு மாட்டுக்கு ஒரு மாதம். இரைப்பை நுண்ணுயிர்கள் புதுக் கலவைக்குப் பழக ஏறத்தாழ நாலு கிழமை எடுக்கும். ஆகவே முதல் மாதப் பால் கணக்கைத் தனியே எழுதி வையுங்கள், கலவையை மதிப்பிட இரண்டாம் மாதக் கணக்கைப் பாருங்கள்.